எஃப் 10 விசையும் பாடபேதமும்: பழைய அட்வெஞ்சர் கேம்களைப் புதுப்பிப்பது பற்றிச் சில குறிப்புகள்

பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வெஞ்சர் கேம்களுக்குப் புதுச் சட்டை போட்டு மறுபடி விற்பது இப்போது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஒவ்வொன்று வரும்போதும் இரண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி “படம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க” என்கும். இன்னொரு கட்சி “பழசைக் கெடுத்துட்டாங்க” என்கும். இரண்டு பேச்சிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. இரண்டுமே படத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன. அட்வெஞ்சர் கேம் என்பது படம் பார்க்கிற சமாச்சாரம் மட்டும் கிடையாதே.

இந்தக் குறிப்பில் நான்கு பதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். 2009-ல் வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் சிறப்புப் பதிப்பு, 2015-ல் வந்த கிரிம் ஃபாண்டாங்கோ ரீமாஸ்டர்டு, 2016-ல் வந்த டே ஆஃப் தி டென்டகிள் ரீமாஸ்டர்டு, 2022-ல் வந்த பிளேட் ரன்னர் என்ஹான்ஸ்டு எடிஷன். முதல் மூன்றின் மூலமும் லூகாஸ்ஆர்ட்ஸ் வகையறா. நான்காவது வெஸ்ட்வுட் நிறுவனத்தின் 1997 கேம். நான்கையும் வைத்து ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்: புதுப்பித்தவர் என்ன செய்தார் என்பதை விளையாடுகிறவர் சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா?

1. நெகட்டிவ் இல்லாத ரீமாஸ்டர்

ரீமாஸ்டர் என்ற சொல் ஒலிப்பதிவுத் தொழிலிலிருந்து வந்தது. ஒரு பாட்டைப் பதிவு செய்து, கலந்து, கடைசியாக ஒரு மாஸ்டர் நாடா தயாரிப்பார்கள். நாம் கடையில் வாங்கிய கேசட் அதன் மட்டமான நகல். பின்னாளில் அந்த மாஸ்டரிலிருந்து மறுபடி நகல் எடுத்தால், கேசட்டில் கேட்காத விஷயங்களெல்லாம் கேட்கும். சினிமாவும் அப்படித்தான். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால், பழைய வீடியோ கேசட்டில் தெரியாத மயிரிழைகூட இன்றைய ஸ்கேனில் தெரியும். ஆக, அங்கே ரீமாஸ்டர் செய்வது என்றால் ஏற்கெனவே இருப்பதை வெளியே கொண்டுவருவது.

1990-ல் செய்த கணினி விளையாட்டுக்கு அப்படி ஒரு நெகட்டிவ் இல்லை. மங்கி ஐலண்ட் முதலில் வந்தபோது அதன் படம் 320 புள்ளி அகலம், 200 புள்ளி உயரம், மொத்தம் 16 நிறம். ஓவியர் அந்தப் புள்ளிகளிலேயேதான் வரைந்தார். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெரிய ஓவியம் என்று ஒன்று கிடையாது. குறைந்த புள்ளிகளில் இருப்பதே முழுப் படம். அதைப் பெரிதாக வரைகிற எவரும் இல்லாத ஒன்றை ஊகித்துத்தான் வரைய வேண்டும். கைப்ரஷ் த்ரீப்வுட்டின் மூக்கு எப்படி இருக்கும்? மூலத்தில் அது இரண்டு மூன்று புள்ளி. 2009 பதிப்பில் அதற்கு ஒரு வடிவம் வந்தாக வேண்டும், யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்தார்கள். அந்தப் பதிப்பில் கைப்ரஷ்ஷின் தலைமுடியை இணையத்தில் கிண்டல் செய்யாத ஆளில்லை. ஆனால் குற்றம் அந்த ஓவியர் மேல் மட்டும் இல்லை. ஒவ்வொருத்தர் மனசிலும் அந்த இரண்டு மூன்று புள்ளி வேறு வேறு மூக்காக வளர்ந்திருந்தது. ஒருத்தர் வரைந்ததும் மற்ற எல்லா மூக்கும் அடிபட்டுப் போயிற்று.

இதனால்தான் டே ஆஃப் தி டென்டகிள் தப்பித்தது என்று நினைக்கிறேன். 1993-ல் வந்த அந்தக் கேம் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களின் பாணியில் வரையப்பட்டது. கோணல் சுவர், வளைந்த கதவு, தட்டையான நிறம், தெளிவான வெளிக்கோடு. புள்ளி குறைவாக இருந்தாலும் கோடு எங்கே போக ஆசைப்பட்டது என்பது தெரியும். 2016-ல் அதைப் பெரிதாக வரைந்தவர்கள் அந்தக் கோட்டைப் பின்பற்றினார்கள், அவ்வளவுதான். சொந்தக் கற்பனைக்கு அதிகம் இடமில்லை, தேவையும் இல்லை. மங்கி ஐலண்டின் முதல் பதிப்பிலோ, 16 நிறத்தை வைத்துக்கொண்டு இரவின் நீலத்தைக் காட்ட மார்க் ஃபெராரி இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றித் தூவினார். அங்கே பின்பற்றக் கோடு கிடையாது. இருந்தது ஒரு மூட்டம். மூட்டத்தை எப்படிப் பெரிதாக்குவது?

2. எஃப் 10 எங்கே கொண்டுபோகிறது

சரி, 2009 பதிப்பின் நல்ல காரியத்துக்கு வருகிறேன். கணினியில் எஃப் 10 விசையை அமுக்கினால், அதே காட்சி, அதே நொடி, பழைய படமாக மாறும். மறுபடி அமுக்கினால் புதுசு. இது எப்படி முடிகிறது என்றால், உள்ளே ஓடுவது பழைய கேமேதான். பழைய ஸ்கம் இயந்திரம் கீழே ஓட, அதன் மேல் புதுப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். (ஸ்கம் என்பது 1987-ல் மேனியாக் மேன்ஷன் கேமுக்காக எழுதப்பட்ட நிரலமைப்பு. அந்த நிறுவனம் அதற்கப்புறம் பத்து வருடம் அதை வைத்தே பிழைத்தது.) இதனால் ஒரு தொல்லையும் வந்தது. படம் கூர்மையாகிவிட்டது, நடை பழைய நடையாகவே இருக்கிறது. புள்ளிப் படத்தில் விட்டுவிட்டு நகர்ந்தால் நம் கண் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். வழவழப்பான ஓவியம் அதே மாதிரி நகர்ந்தால் அட்டைப் பொம்மையைக் குச்சியில் மாட்டி இழுப்பதுபோல் இருக்கிறது.

ஆனாலும் அந்த விசை பெரிய விஷயம். பழைய நூல்களைப் பதிப்பிக்கிறவர்கள் ஒரு சொல்லைத் திருத்தினால், அடியில் பாடபேதம் கொடுப்பார்கள்: இந்தச் சுவடியில் இப்படி, அந்தச் சுவடியில் அப்படி, நான் எடுத்துக்கொண்டது இது. பதிப்பாசிரியர் சொல்வதை நம்பத் தேவையில்லை, நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். எஃப் 10 அந்த அடிக்குறிப்பின் வேலையைச் செய்கிறது. “நான் இப்படி வரைந்திருக்கிறேன், மூலம் இது, நீங்களே பாருங்கள்” என்று ஒவ்வொரு காட்சியிலும் சொல்லக்கூடிய பதிப்பு அது. விமர்சகனுக்கு இதைவிட மரியாதை வேண்டுமா?

இங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. எஃப் 10 உங்களைக் கொண்டுபோய் விடுவது 1990-க்கு அல்ல. முதல் பதிப்பில் கீழே 12 வினைச்சொற்கள் இருந்தன, பையிலுள்ள பொருட்கள் வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்தன. 1992-ல் வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் ‘நட’, ‘இயக்கு’, ‘அணை’ மூன்றையும் எடுத்துவிட்டு 9 ஆக்கினார்கள், பொருட்களுக்குச் சின்னப் படமும் வந்தது. எஃப் 10 காட்டுவது இந்த 1992 பாடத்தை. இதில் ஒரு நகைச்சுவை காணாமல் போயிருக்கிறது. நெகிழ்தட்டுப் பதிப்பில், காட்டுக்குள் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால், அதற்குள் குகை தெரிகிறது, உள்ளே போக 22-ஆம் தட்டைப் போடு என்று கேம் கேட்கும். அப்படி ஒரு தட்டே கிடையாது. பிறகு 36, பிறகு 114 என்று கேட்டுவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடும். நிஜமாகவே தட்டு காணோம் என்று நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தவர்கள் உண்டு. குறுந்தகட்டில் தட்டு மாற்றுகிற வேலையே இல்லாததால் அந்தக் கிண்டலுக்குப் பொருளில்லை, எடுத்துவிட்டார்கள். ஆக, மூலம் என்று அந்த விசை காட்டுவதே ஒரு திருத்திய பாடம். அதைப் பதிப்பில் எங்கும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

3. வினைச்சொல் பலகை

இப்போது படத்தை விட்டுவிட்டு கைக்கு வருவோம்.

பழைய ஸ்கம் கேம்களில் திரையின் அடிப்பகுதி முழுவதும் வினைச்சொற்கள்: திற, மூடு, கொடு, எடு, பார், பேசு, தள்ளு, இழு, பயன்படுத்து. ஒன்றைச் சொடுக்கி, பிறகு பொருளைச் சொடுக்கினால், நடுவில் ஒரு வரி உருவாகும். “எடு” என்றால் எதை எடுப்பது என்று வரி காத்திருக்கும். விளையாடுகிறவர் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வாக்கியம் கட்டுகிறார். அது ஆங்கில வாக்கியம் என்பதைக் கவனியுங்கள்: வினை முன்னால், பொருள் பின்னால். நாம் “குவளையை எடு” என்போம், அந்தப் பலகை “எடு குவளை” என்கிறது. 1995-ல் ஃபுல் த்ராட்டில் கேமில் வேறு முறை வந்தது. பொருளின் மேல் அமுக்கிப் பிடித்தால், அங்கேயே ஒரு சின்ன வட்டத்தில் கை, கண், வாய், கால் தோன்றும். அதாவது பொருள் முன்னால், வினை பின்னால். தமிழ் வாக்கிய அமைப்பு! வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனால் நம்மில் பலருக்கு அந்த வட்டம் கைக்கு உடனே பழகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

டே ஆஃப் தி டென்டகிள் ரீமாஸ்டரில் 9 வினைப் பலகைக்குப் பதிலாக இந்த வட்டத்தைக் கொடுத்தார்கள். பொருளைச் சொடுக்கினால் அதற்குப் பொருந்துகிற வினைகள் சுற்றி வரும். பார்வைக்குச் சுத்தம், திரை முழுவதும் படத்துக்கு. ஆனால் ஒன்று போயிற்று. பழைய பலகையில் ஒன்பதும் எப்போதும் கண் முன்னால் இருக்கும், எதை எதோடு சேர்ப்பது என்று நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். நாற்காலியை ‘மூடு’ என்று சொல்லிப் பார்க்கலாம். முட்டாள்தனம்தான். அந்த முட்டாள்தனத்துக்கும் ஒரு பதில் எழுதி வைத்திருந்தார்கள் என்பதில்தான் இந்த வகைக் கேம்களின் பாதி உயிர் இருக்கிறது. பொருந்தியதை மட்டும் காட்டும் வட்டம் தப்பு செய்கிற சுதந்திரத்தைக் குறைக்கிறது. தப்பு குறைந்தால் சிரிப்பும் குறையும், புதிரும் கொஞ்சம் தானாக அவிழ்ந்துவிடும்.

மங்கி ஐலண்டில் இதற்கு ஓர் அபாரமான சான்று. கவர்னர் மாளிகையில் கைப்ரஷ் ஒரு சுவருக்குப் பின்னால் சண்டை போடுவான். நமக்குத் தெரிவது சுவரும் சத்தமும் மட்டும். ஆனால் அடியில் அந்த வாக்கிய வரி தானாகவே எழுதிக்கொண்டே போகும்: இதை எடு, அதை அவன் மேல் பயன்படுத்து, இன்னொன்றைத் தள்ளு என்று கண்டபடி வாக்கியங்கள். இதுவரை நாம் கட்டிக்கொண்டிருந்த வரியை கேம் பிடுங்கிக்கொண்டு நம் கண் முன்னாலேயே ஆடுகிறது. அந்தக் காட்சி சிரிப்பு மூட்டுவது, ஒரு மணி நேரமாக அந்தப் பலகையில் கை வலிக்க வாக்கியம் கட்டியவருக்கு. 2009 பதிப்பின் புது முகத்தில் பலகையை ஒளித்து வைத்துவிட்டார்கள். வினைகளைப் பார்க்க ஒரு விசை, பையைப் பார்க்க இன்னொரு விசை. பலகையோடு பழகாதவருக்கு அந்தச் சுவர்க் காட்சி ஏதோ வேகமாக ஓடும் எழுத்து. அவ்வளவுதான்.

ஒளித்து வைத்ததால் வேறு தொந்தரவும் உண்டு. சிறைக் கதவின் பூட்டைக் கரைக்க க்ராக் என்ற மதுவைக் கொண்டுபோக வேண்டும். அது குவளையையே அரித்துவிடும். அதனால் நடந்துகொண்டே ஒரு குவளையிலிருந்து அடுத்ததற்கு ஊற்றிக்கொண்டு ஓட வேண்டும். நேரம் முக்கியம். பையைத் திற, பொருளை எடு, மூடு, நட என்று புது முகத்தில் செய்வது அவஸ்தை. பழைய பலகையில் எல்லாம் திரையிலேயே இருக்கிறது. அந்த ஓர் இடத்தில் எஃப் 10 அடித்து பழசுக்குப் போய் முடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் யோசனை. ‘நவீன வசதி’ பழைய முறையைவிட மெதுவாக இருக்கிற இடம் அது.

டபுள் ஃபைன் நிறுவனம் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். டே ஆஃப் தி டென்டகிள் ரீமாஸ்டரில் படம், ஒலி, இடைமுகம் மூன்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். புதுப் படம், பழைய பலகை என்று கலந்து வைத்துக்கொள்ளலாம். என் அமைப்பு அதுதான். மங்கி ஐலண்டில் இந்தக் கலவை இல்லை. பழைய படத்துக்குப் போனால் குரலும் போய்விடும், எல்லாம் சேர்ந்துதான் வரும், சேர்ந்துதான் போகும்.

4. குரல்

குரலைப் பற்றி ஒரு பத்தி. 2009 பதிப்பில் கைப்ரஷ்ஷுக்கு டாமினிக் அர்மாட்டோ குரல் கொடுத்தார். 1997-ல் மூன்றாம் பாகமான தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட் வந்தபோது அந்தப் பாத்திரத்துக்குக் குரலானவர் அவர். அருமையான நடிப்பு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதல் கேம் படிப்பதற்கு எழுதப்பட்டது. எழுத்து தலைக்கு மேல் வரும், நாம் படிப்போம், நம் வேகத்தில் சிரிப்போம். வாளால் சண்டை போடுவதற்குப் பதில் வசவால் சண்டை போடுகிற பகுதி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மறிக்கும் கொள்ளைக்காரர்களிடம் தோற்றுத் தோற்று வசவையும் அதற்கான எதிர் வசவையும் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியில் வாள்மாஸ்டர் கார்லா வேறு வசவுகளைச் சொல்வாள், நாம் கற்ற பழைய பதில்களையே அவற்றுக்குப் பொருத்த வேண்டும். அது அடிப்படையில் வாசிப்புப் புதிர். ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்னொரு வரியின் இரண்டாம் அர்த்தத்தைத் தேடுவது. குரல் வந்ததும் அது ஒரு நாடகக் காட்சி ஆகிறது, ஒவ்வொரு வசவும் நடித்து முடியும்வரை காத்திருக்கிறோம், இல்லாவிட்டால் வெட்டித் தள்ளுகிறோம். பத்தாவது தடவை அதே வசவைக் கேட்கும்போது வெட்டத்தான் செய்வோம்.

அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தின் சிறப்புப் பதிப்பில், பழைய படத்திலும் குரலை வைத்துக்கொள்ளலாம் என்று சரிசெய்தார்கள். ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் மூவரும் பேசும் விளக்கவுரையும் சேர்த்தார்கள். பாடபேதத்தோடு உரையும் கிடைத்தது.

5. மேனியின் தலை

கிரிம் ஃபாண்டாங்கோ கதை வேறு. 1998-ல் வந்த மூலமே பாயிண்ட் அண்ட் கிளிக் இல்லை. செத்தவர்களின் உலகத்தில் பயண முகவராக வேலை பார்க்கும் மேனி கலவேரா என்ற எலும்புக்கூட்டை விசைப்பலகையால் ஓட்ட வேண்டும். முன்னே போ, இடது பக்கம் திரும்பு என்று டாங்கி ஓட்டுவது மாதிரி. திரையில் சுட்டி கிடையாது, பலகை கிடையாது, எழுத்து கிடையாது. அப்படியானால் எதைத் தொடலாம் என்று எப்படித் தெரியும்? மேனி தலையைத் திருப்பிப் பார்ப்பான். அவன் பார்க்கிற திசையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 1940-களின் ஹாலிவுட் குற்றப் படங்களைப் பார்த்து எடுத்த கேமுக்கு அது சரியான முடிவு. சட்டகம் சினிமா சட்டகமாகவே இருந்தது.

ஆனால் சுவரில் முட்டிக்கொண்டே திரிய வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அதனால் ரசிகர் ஒருவர் சுட்டியால் ஓட்டும் மாற்றத்தைத் தானே எழுதினார். 2015-ல் டபுள் ஃபைன் அந்த யோசனையைத் தன் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. விளைவு என்ன? விளையாடுவது எவ்வளவோ சுலபமாயிற்று. ஆனால் இப்போது நாம் மேனியின் தலையைப் பார்ப்பதில்லை. சுட்டியைத் திரை முழுக்கத் துழாவுகிறோம், எங்கே அதன் வடிவம் மாறுகிறதோ அங்கே சொடுக்குகிறோம். பார்க்கிற வேலை அவனிடமிருந்து நம் கைக்கு மாறிவிட்டது. பழைய முறையும் உள்ளேயே இருக்கிறது, அதில் முழுக் கேமையும் முடித்தால் ஒரு கோப்பைகூடக் கொடுக்கிறார்கள். கிண்டல்தான், ஆனால் நேர்மையான கிண்டல்.

படத்தில்தான் எனக்கு நெருடல். மேனியும் மற்றவர்களும் முப்பரிமாண உருவங்கள், அவர்களைக் கூர்மையாக்க முடிந்தது, அவர்கள் மேல் புது ஒளியும் நிழலும் விழுகிறது. பின்புலங்களோ முன்கூட்டியே கணினியில் வரைந்து உறைய வைத்த 640×480 படங்கள். அவை அப்படியே இருக்கின்றன. விளைவாக, ருபகாவா துறைமுகத்தில் கூர்மையான மனிதர்கள் மங்கலான திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிறார்கள். மூலத்தில் இருவரும் ஒரே அளவு மங்கல், அதனால் ஒரே உலகம். ஒன்றை மட்டும் மெருகேற்றினால் இரண்டும் பிரிந்துவிடும் என்பதற்கு இது பாடம். பீட்டர் மெக்கானலின் இசையை மெல்பர்ன் சிம்ஃபனி இசைக்குழுவை வைத்து மறுபடி பதிவு செய்தது மட்டும் எந்தக் கணக்கிலும் லாபம். அங்கே இசைக்குறிப்பு என்ற நெகட்டிவ் இருந்தது, பாருங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை மறக்கக் கூடாது. டிஸ்னி 2013-ல் லூகாஸ்ஆர்ட்ஸின் கேம் தயாரிப்பை மூடியது. 2015-க்கு முன் கிரிம் ஃபாண்டாங்கோவை எந்த இணையக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. பழைய குறுந்தகடு வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. வேகமான கணினியில் ஓட்டினால் லிஃப்டுக்குள் சரக்குத் தூக்கி ஓட்டும் புதிர் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோய், தீர்க்கவே முடியாமல் நிற்கும். அதற்குத் தனியாக ஒரு திருத்தம் போட வேண்டும். ‘மூலமே போதும்’ என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஓடாத மூலம் யாருக்கு?

6. ‘பழசு’ என்பது எது

தூய்மைவாதிகளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 320×200 படத்தை அந்தக் காலக் கணினித் திரை 4:3 அளவில் இழுத்துக் காட்டியது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் கொஞ்சம் உயரமாக இருந்தது. குழாய்த் திரையில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்தன. நான் மேலே சொன்ன நீல மூட்டம் அந்தக் கசிவை நம்பித் தூவப்பட்டது. இன்றைய தட்டைத் திரையில் அதையே சதுரக் கட்டங்களாகப் பார்த்துவிட்டு “ஆஹா, மூலம்!” என்று சொல்வதும் ஒருவிதக் கற்பனைதான். கூர் விளிம்புள்ள சதுரப் புள்ளி அழகு என்பது பிற்காலத்து ரசனை. மூல ஓவியர் அதைப் பார்த்ததே இல்லை.

எனவே சுத்தமான மூலம் என்று ஒன்று எங்கும் இல்லை. இருப்பவை பாடங்கள். 1990 பாடம், 1992 பாடம், 2009 பாடம், தட்டைத் திரைப் பாடம். நான் கேட்பதெல்லாம் அவற்றில் எதையும் அழிக்காதே, எது எது என்று சொல் என்பதுதான்.

7. அழிப்பது

அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிளேட் ரன்னர் உதாரணம். அந்த கேமின் மூல நிரல் தொலைந்துவிட்டது. பின்னணிகளை உருவாக்கிய கோப்புகளும் இல்லை. தன்னார்வலர்கள் நடத்தும் ஸ்கம்விஎம் திட்டம் பல வருட உழைப்பில் கேமைத் தலைகீழாகப் பிரித்துப் பார்த்து இன்றைய கணினியில் ஓட வைத்தது. 2019 டிசம்பரில் அந்த வடிவம் கடைக்கும் வந்தது. 2022 ஜூனில் நைட்டைவ் ஸ்டுடியோஸின் என்ஹான்ஸ்டு எடிஷன் வந்தது. இருந்த காட்சிகளை மென்பொருளால் பெரிதாக்கினார்கள். நொடிக்கு 15 சட்டகம் என்றிருந்ததை, இடைச் சட்டகங்களை ஊகித்து 60 ஆக்கினார்கள். மழை, புகை, நியான் விளக்கு, இருட்டு இவற்றால் ஆன கேம் அது. பெரிதாக்கும் மென்பொருளுக்குப் புகையும் தெரியாது, மழையும் தெரியாது. எல்லாவற்றையும் அழுக்கு என்று நினைத்து வழித்துவிடும். பின்னணியின் நுணுக்கங்கள் மெழுகு பூசியதுபோல் மழுங்கின. இருட்டு வெளுத்தது. பிற்பாடு திருத்தங்கள் வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் மோசமாக இருப்பதுகூடப் பரவாயில்லை. ரசனை மாறும், இன்னொருவர் இன்னொரு பதிப்பு செய்வார். என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடையில் நடந்தது. புதுப் பதிப்பு வந்த அன்று, தனியாக விற்றுக்கொண்டிருந்த பழைய வடிவத்தை எடுத்துவிட்டு, புதியதோடு சேர்த்துத்தான் வாங்க முடியும் என்று ஆக்கினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு சில நாளில் பழையது தனியாகத் திரும்பி வந்தது. திரும்பி வராமல் போயிருந்தால்? இன்னும் இருபது வருடம் கழித்து ஒரு மாணவர் 1997 கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மழுங்கிய மழைதான் மூலம் என்று நினைத்து எழுதுவார். தொலைந்த மூல நிரலை யாரும் வேண்டுமென்று தொலைக்கவில்லை, வீடு மாற்றும்போது பெட்டி காணாமல் போவது மாதிரி. கடையிலிருந்து எடுப்பது அப்படி இல்லை, அது ஒரு முடிவு.

8. நான் பார்க்கும் மூன்று விஷயங்கள்

இனி எந்த ரீமாஸ்டரை எடுத்தாலும் நான் இந்த மூன்றைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, பழைய பாடம் உள்ளேயே இருக்கிறதா, எந்த ஆண்டுப் பாடம் என்று சொல்கிறார்களா. இரண்டு, படம், குரல், இடைமுகம் மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா. மூன்று, விளையாடுகிறவரின் கை செய்த வேலையை எங்கே எடுத்திருக்கிறார்கள், எடுத்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள். படத்தின் பளபளப்பு நான்காவதாக வரட்டும்.

குறிப்பு உதவியைப் பற்றி யாராவது கேட்பீர்கள். 2009 பதிப்பில் ஒரு விசையை அமுக்கினால் முதலில் லேசாகச் சாடை காட்டும், மேலும் அமுக்கினால் இன்னும் வெளிப்படையாகச் சொல்லும், கடைசியில் அம்புக்குறியே போட்டுக் காட்டும். அதை எதிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தக் காலத்திலேயே குறிப்புப் புத்தகம் விற்றார்கள், குறிப்புக்கென்று தொலைபேசி எண்ணும் வைத்திருந்தார்கள். இணையத்தில் முழு விடையையும் ஒரே மூச்சில் படித்துவிடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் குறிப்பு புதிருக்கு மரியாதை செய்கிறது.

இந்த வகையைத் தொட்டதே இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், டே ஆஃப் தி டென்டகிள் ரீமாஸ்டர்டு. புதுப் படத்தையும் பழைய ஒன்பது வினைப் பலகையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் எட் என்பவன் அறையில் ஒரு கணினி இருக்கும். அதை இயக்கினால் 1987-ன் மேனியாக் மேன்ஷன் முழுசாக உள்ளே ஓடும். 1993-லேயே ஒரு கேம் தன் முன்னோரை வெட்டாமல் குறைக்காமல் வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. 2016-ல் புதுப்பித்தவர்களும் அதற்கு வண்ணம் பூசாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். போய் அந்தக் கணினியைத் தட்டிப் பாருங்கள்.